ஓர் ஆள் குறைவு

ஏழாம் மாடிக் கூட்ட அறையில் ஒரே ஓர் ஆள் இருப்பதாகத் திரை காட்டியது. அங்கே போயிருந்ததும் ஒரே ஓர் ஆள்தான். வேறு யார் பார்த்தாலும் அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் தரைக்கு அடியில், கட்டுப்பாட்டு அறையில், நாற்காலி நுனியில் உட்கார்ந்து அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தவருக்கு உள்ளங்கை ஈரமாகிவிட்டது. அது ஒன்று என்று காட்டக் கூடாது. பூஜ்யம் என்று காட்ட வேண்டும். அப்படிக் காட்டும்படி முந்தின நாள் சாயங்காலம் அவரே தன் கையால் மாற்றி வைத்திருந்தார்.

அந்தக் கட்டடத்தில் அவரைக் 'காற்றாடி' என்பார்கள். முகத்துக்கு நேரே 'காற்றாடி அண்ணே', முதுகுக்குப் பின்னால் வெறும் காற்றாடி. பதினொரு மாடிக்கும் குளிர்ந்த காற்று அனுப்புவது, அழுக்குக் காற்றை வெளியே தள்ளுவது, விளக்கு, தண்ணீர், லிஃப்ட் எல்லாமே அவர் பொறுப்பு. பத்தொன்பது வருடம். எந்த மோட்டாருக்கு எண்ணெய் காய்ந்திருக்கிறது என்பதைச் சுவரில் காதை வைத்தே சொல்லிவிடுவார்.

அன்று விடுமுறை. மறுநாள் பெரிய விருந்தாளிகள் வரப்போவதால் கட்டடத்தை முன்கூட்டியே குளிர வைக்க அவர் மட்டும் வந்திருந்தார். ஆள் இல்லாத கட்டடத்துக்கென்று ஒரு சத்தம் உண்டு. ஈரச் சிமெண்டும் பழைய எண்ணெயும் கலந்து மணக்கும் அந்தக் கீழ் அறையில் உட்கார்ந்திருந்தால், தலைக்கு மேலே பதினொரு தளத்தின் காற்றுக் குழாய்களும் குளிரில் சுருங்கி 'டிக்', 'டிக்' என்று நெட்டி முறிப்பது கேட்கும். தூரத்தில் எங்கோ ஒரு குழாயில் தண்ணீர் இறங்கும். பிறகு எல்லாம் அடங்கி, பெரிய மிருகம் ஒன்று வயிறு நிரம்பித் தூங்குவதைப் போல ஒரே சீராக உறுமிக்கொண்டிருக்கும். அந்தச் சத்தம் அவருக்குத் தாலாட்டு மாதிரி. அன்றைக்கு மட்டும் அது காதில் ஏறவே இல்லை.

மேலே இருந்தவன் அவருடைய தங்கையின் கணவன். இவர் 'மாப்பிள்ளை' என்று கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு அலுவலகம் முழுக்க, முதலாளி உட்பட, அவனை அப்படியேதான் கூப்பிட்டார்கள். நேரில் பேசும்போது காற்றாடி அவனுக்கு 'வாங்க, போங்க' என்று மரியாதை குறையாமல் கொடுப்பார். மனத்துக்குள் மட்டும் அவன், இவன்தான். அதிலும் இந்த ஒரு வருடமாக, அந்த ஒரு காகிதம் வந்ததிலிருந்து.

ஒவ்வோர் அறைச் சுவரிலும் தீப்பெட்டி அளவில் வெள்ளைப் பெட்டிகள் பதித்திருந்தார்கள். மனிதன் விடும் மூச்சு அறையின் காற்றை மாற்றுகிறது அல்லவா, அந்த மாற்றத்தை முகர்ந்து, உள்ளே எத்தனை பேர் என்று அந்தப் பெட்டிகள் கணக்குச் சொல்லும். அத்தனை பேருக்கு எவ்வளவு காற்று வேண்டுமோ அவ்வளவுதான் போகும். விளக்கும் அப்படியே. மூச்சு இல்லாத இடத்தில் வெளிச்சமும் இல்லை. வேறு எந்தக் கட்டடத்திலும் இல்லாத ஏற்பாடு என்று நிறுவனம் பெருமையடித்துக்கொண்டது.

அது காற்றாடியின் மூக்கில் பிறந்த யோசனை. பல வருடங்களுக்கு முன்பு, திரும்பி வரும் காற்றுக் குழாயின் வாயில் தலையை நுழைத்து, கண்ணை மூடி ஒரு முறை முகர்ந்துவிட்டு, "மூணாவது மாடியில பன்னிரண்டு பேர்" என்பார். வேலையாட்கள் டீ பந்தயம் கட்டி மேலே ஓடி எண்ணிப் பார்ப்பார்கள். பன்னிரண்டோ பதின்மூன்றோ இருக்கும். ஒருநாள் தங்கை வீட்டுச் சாப்பாட்டு மேசையில், ஃபில்டர் வந்த அட்டைப்பெட்டியின் மூடியில் படம் போட்டு இதையே விளக்கினார். மாப்பிள்ளை கையைக்கூடக் கழுவாமல் கேட்டுக்கொண்டிருந்தான். அப்போது அவன் எங்கோ ஒரு சின்னக் கடையில் கம்ப்யூட்டர் வேலை பார்த்துக்கொண்டிருந்தவன். அவனைக் கையைப் பிடித்து இந்த நிறுவனத்துக்குக் கூட்டி வந்ததும் காற்றாடிதான். இரண்டு வருடம் ராப்பகலாக உட்கார்ந்து அவன் அதை எழுதி முடித்தான், அதை மறுக்க முடியாது. ஆனால் காப்புரிமைக் காகிதம் வந்தபோது அதில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது.

தங்கை அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வீட்டுக் கூடத்தில் மாட்டினாள். "அண்ணா, உங்கிட்டதானே டிரில் மெஷின் இருக்கு, கொண்டு வாயேன்" என்றாள். சுவரில் துளை போட்டு ஆணி இறக்கிக் கொடுத்தவரே காற்றாடிதான். சட்டம் நேராக இருக்கிறதா என்று தள்ளி நின்று பார்க்கவும் சொன்னாள். பார்த்தார். நேராகத்தான் இருந்தது. அன்றைக்கு அடிவயிற்றில் பற்றிய நெருப்பு அணையவே இல்லை. 'ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே' என்று குளிக்கும்போது, சாப்பிடும்போது, லிஃப்டில் தனியாக நிற்கும்போது முணுமுணுத்துக்கொண்டே இருந்தார்.

முந்தின நாள் மாப்பிள்ளை கீழே வந்து, இந்த ஏற்பாட்டைக் காட்டி விருந்தாளிகள் முன்னால் பேசப்போவதைப் படித்துக் காட்டினான். கடைசி வரி, "பராமரிப்புப் பிரிவு நண்பர்களுக்கும் நன்றி."

"இது உங்களையும் சேர்த்துத்தான் மச்சான்" என்று சிரித்தான்.

அவன் வீட்டுக்குப் போனதும் காற்றாடி ஏழாம் மாடிக் கூட்ட அறையின் கணக்கைத் திறந்தார். ஓரத்தில் 'திருத்தம்' என்று ஒரு சின்னக் கட்டம். அதில் மைனஸ் ஒன்று என்று போட்டார். எத்தனை பேர் உட்கார்ந்தாலும் அறை ஒன்றைக் கழித்துத்தான் சொல்லும். அறையில் பதினைந்து பேர் என்று விருந்தாளிகள் எண்ணிப் பார்த்துவிட்டு, திரையில் பதினாலு என்று பார்த்துச் சிரிக்கட்டும். அவன் முகம் வெளிறுவதைக் கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அதற்கு மேல் ஒரு கெடுதலும் அவர் நினைக்கவில்லை. காலி அறை 'மைனஸ் ஒன்று' என்று காட்டியது. ஆளே இல்லாத அறையில் ஓர் ஆள் குறைவு! தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தார்.

விடுமுறை நாளில் மத்தியானம் இரண்டரை மணிக்கு அவன் வந்து நிற்பான் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. "கடைசியா ஒரு தடவை பார்த்துடறேன் மச்சான்" என்று வாசலில் இருந்தே சொல்லிவிட்டு லிஃப்டில் ஏறிவிட்டான். அவர் மோட்டார்ப் பக்கமிருந்து ஓடி வந்து திரைமுன் உட்காருவதற்குள் அவன் ஏழாம் மாடியை எட்டிவிட்டான், திருத்தத்தை அழிக்க நேரமில்லை. அவன் உள்ளே போனதும் அறை பூஜ்யம் என்று காட்டும், குட்டு உடைந்துவிடும். திரையைப் பார்த்தபடி காற்றாடி பல்லைக் கடித்துக்கொண்டார்.

ஒன்று என்று காட்டியது.

முதலில் வந்தது நிம்மதிதான். சேமிக்காமல் விட்டிருக்கிறோம் என்று நினைத்தார். கட்டத்தைத் திறந்து பார்த்தார். மைனஸ் ஒன்று அப்படியேதான் இருந்தது.

மேலே போன் போட்டார்.

"மாப்பிள்ளை, கூட யாராவது வந்திருக்காங்களா?"

"யார் வரப்போறா, லீவு நாள்ல? நான் மட்டும்தான். ஏன், அங்க என்ன காட்டுது?"

"ஒண்ணு."

"அப்பச் சரியாத்தானே இருக்கு!"

சரியில்லை என்றால், எப்படித் தெரியும் என்று கேட்பான். போனை வைத்தார். யாரையோ கூட்டி வந்து மறைக்கிறான் என்று ஒரு கணம் தோன்றியது. முதலாளிக்கு வேண்டிய யாராவது. கூட நின்று படம் பிடித்துக்கொள்ள யாராவது. வயிறு மறுபடி எரிந்தது. அந்த எரிச்சலில் கொஞ்சம் ஆறுதல்கூட இருந்தது.

சோதித்துப் பார்க்க, திருத்தத்தை அழித்தார். திரையில் எண் மாறியது.

இரண்டு.

உடனே போன் அடித்தது. "மச்சான், கதவோரத் திரையில திடீர்னு ரெண்டுன்னு காட்டுதே! நான் ஒருத்தன்தான் இங்க நிக்கறேன்."

"இருங்க, பார்க்கறேன்."

மைனஸ் ஒன்றை மறுபடி போட்டார்.

"ஆ, ஒண்ணாயிடுச்சு. என்ன பண்ணீங்க?"

"லைன்ல கொஞ்சம் தூசி" என்றார் காற்றாடி. குரல் அவருக்கே அன்னியமாகக் கேட்டது.

"கொஞ்சம் வெளியில வந்து நில்லுங்க மாப்பிள்ளை. ஒரு நிமிஷம்."

தாழ்வாரத்தில் ஓர் ஆள் என்று காட்டியது. அங்கே விளக்கு எரிந்ததற்கான பச்சைப் புள்ளியும் வந்தது. கூட்ட அறையின் எண் இறங்கியது. காலியாக இருந்தால் மைனஸ் ஒன்றுக்குப் போக வேண்டும்.

பூஜ்யத்தில் நின்றுவிட்டது.

அவன் வெளியே நிற்கிறான். உள்ளே ஒருவர் மூச்சு விடுகிறார்.

முதலாளிகள் ரகசியம் பேசுகிற அறை என்பதால் அங்கே கேமரா கிடையாது. ஆனால் சுவருக்கு ஒன்றாக நான்கு வெள்ளைப் பெட்டிகள் உண்டு: கதவுப் பக்கம், கண்ணாடிப் பக்கம், மேடைப் பக்கம், பின்சுவர். எந்தப் பெட்டியில் கோடு உயர்கிறதோ அதற்குப் பக்கத்தில் மூச்சு இருக்கிறது என்று அர்த்தம். நான்கு கோடுகளையும் வரிசையாகத் திறந்து வைத்தார். மாப்பிள்ளை உள்ளே திரும்பி வந்து மேடைப் பக்கம் போய் உட்கார்ந்ததும் அந்தக் கோடு மெல்ல ஏறியது. மனிதன் விடுகிற மூச்சு, ஏற்றமும் இறக்கமுமாக, கொஞ்சம் அவசரமாக. பின்சுவரிலும் ஒரு கோடு ஏறியிருந்தது. அதில் அவசரமே இல்லை. ஒரு முறை உயர்ந்து, நீண்ட நேரம் அப்படியே நின்று, பிறகு இறங்கியது. ஒளிந்துகொண்டு விளையாடுகிறவர்கள் மூச்சை அடக்கி அடக்கி விடுவார்களே, அப்படி.

சொல்லிவிட வேண்டும். உடனே வெளியே வாங்க என்று சொன்னால் போதும். ரிசீவரை எடுக்கக் கை நீட்டினார். அதற்குள் அதுவே அடித்தது.

"மச்சான், இந்த ரூம்ல ஏதோ வாடை வருது. ரொம்ப நாள் மூடியிருந்த பெட்டியைத் திறந்த மாதிரி. இல்லேன்னா, யாரோ கிட்டக்க வந்து வாயைத் திறந்து மூச்சு விடற மாதிரி. உங்க ஆளுங்களுக்கு ஃபில்டரை ஒழுங்கா மாத்தத் தெரியாதா? நாளைக்கு என் மானம் போகும். வந்து ஒரு துடை துடைச்சுட்டுப் போங்க."

துடைத்துவிட்டுப் போங்கள்.

"சரி" என்று மட்டும் சொல்லி வைத்தார் காற்றாடி.

அதற்குப் பிறகு பத்து நிமிடம் அவர் எதுவும் செய்யவில்லை. பின்னால் நினைத்துப் பார்க்கும்போது அந்தப் பத்து நிமிடத்தில்தான் எல்லாமே நடந்தது என்று அவருக்குத் தெரியும். அப்போது அவர் மனத்தில் இருந்ததெல்லாம் துடைக்கும் துணியும், சுவரில் தொங்கும் சட்டமும், அவன் சிரிப்பும்தான். பயந்து சாகட்டுமே, கொஞ்சம். யாருடைய மூக்கில் பிறந்ததோ அந்த மூக்கைக் கேட்காமல் எடுத்துக்கொண்டவன்தானே, இப்போது அவனே முகர்ந்து பார்க்கட்டும். கண் முன்னால் பின்சுவர்க் கோடு மெதுவாகத் தணிந்தது. கண்ணாடிப் பக்கத்துக் கோடு உயர்ந்தது. பிறகு அதுவும் தணிந்தது. அது நடக்கிறது. மேசையைச் சுற்றிக்கொண்டு, அவசரமில்லாமல், மேடைப் பக்கம் போகிறது.

செல்போன் அடித்தது. தங்கை.

"அண்ணா, அவர் போனை எடுக்கவே மாட்டேங்கறார். அங்கதானே இருக்கார்?"

"மேல இருக்கார்."

"நாளைக்கு நீ முன்வரிசையில உட்காரணும், தெரியுதா? நானும் வரேன். அவர் கண்டுபிடிச்சதை நம்ம வீட்டு ஆளுங்க நாமளே கைதட்டலேன்னா எப்படி?"

அவர் கண்டுபிடித்தது. காற்றாடியின் கண் திரையில் இருந்தது. மேடைப் பக்கத்தில் இரண்டு மூச்சும் ஒரே இடத்தில் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறியிருந்தன. கோடு திரையின் மேல் விளிம்பைத் தொட்டது. பிறகு ஒரேயடியாக விழுந்தது.

கூட்ட அறை: பூஜ்யம்.

இரண்டு மூச்சில் ஒன்று நின்றுவிட்டது.

"அப்புறம் பேசறேன்மா" என்று சொல்லிவிட்டு, தாழ்வாரத்தைப் பார்த்தார். யாரும் இல்லை. லிஃப்ட், யாரும் இல்லை. படிக்கட்டு, கழிப்பறை, பதினொரு மாடி. எங்குமே இல்லை. மேலே போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பதினேழு, பதினெட்டு. யாரோ எடுத்தார்கள்.

"மாப்பிள்ளை?"

மறுமுனையில் எதுவும் கேட்கவில்லை. இரைச்சல்கூட இல்லை.

"சொல்லுங்க மச்சான்." அவன் குரல்தான்.

"எடுக்க ஏன் இவ்வளவு நேரம்?"

"எதை எடுக்கணும்னு பார்த்துட்டு இருந்தேன்."

காற்றாடி லிஃப்டில் ஏறினார். ஏழாம் மாடியில் கதவு திறந்ததும் அவருடைய மூச்சு பட்டு முதல் விளக்கு எரிந்தது. நடக்க நடக்க அடுத்தது, அதற்கடுத்தது. நாளைக்காகக் குளிர வைத்திருந்த காற்று கழுத்தில் ஈரத்துணி மாதிரி ஒட்டியது. கூட்ட அறையின் கண்ணாடிச் சுவருக்குள் மாப்பிள்ளை மேடைப் பக்க நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். இரு கையும் மடியில். உயிரோடு. கதவைத் திறந்ததும் திரும்பிப் பார்த்துச் சிரித்தான்.

"வாங்க மச்சான்."

கதவோரச் சின்னத் திரையைக் காற்றாடி முதலில் பார்த்தார். ஒன்று. இரண்டு பேர், ஒன்று கழித்தால் ஒன்று. கணக்குச் சரி. நின்றுபோனது அந்த இன்னொரு மூச்சுதான். போய்விட்டது, எதுவாக இருந்தாலும். அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வாடைகூட இல்லை.

"உட்காருங்க. நீங்க நிக்கலாமா?" என்றான் மாப்பிள்ளை. "இதெல்லாம் உங்களோடதுதானே. அட்டையில படம் போட்டது நீங்க. உங்க மூக்கு. நான் வெறுமனே எழுதினேன். நாளைக்கு எல்லார் முன்னாலயும் அதைச் சொல்லப்போறேன். உங்க பேரைச் சொல்லி, உங்களை எழுந்து நிக்கச் சொல்லி."

ஒரு வருடமாக இந்த ஒரு வார்த்தைக்குத்தானே! காற்றாடிக்குக் கண் நிறைந்துவிட்டது. அவன் இமைக்கவே இல்லை என்பதையோ, இவ்வளவு நீளமாகப் பேசியவன் நடுவில் ஓர் இடத்தில்கூட மூச்சு வாங்கவில்லை என்பதையோ அப்போது அவர் கவனிக்கவில்லை. கவனிக்க விரும்பவில்லை என்பதுதான் உண்மை. அவன் தோளைத் தொட்டு, "நல்லா இருங்க மாப்பிள்ளை" என்றார். தோள் குளிர்ந்திருந்தது. ஏசி, என்று நினைத்துக்கொண்டார்.

"கிளம்பறேன். வீட்டுல காத்துட்டு இருக்கா."

கதவருகே போய் அவன் திரும்பினான்.

"ஓர் ஆள் குறையுதுன்னு நீங்கதானே போட்டு வெச்சீங்க, மச்சான்?"

கோபமில்லை. கிட்டத்தட்ட நன்றி மாதிரி இருந்தது. போய்விட்டான்.

இவனுக்கு எப்படித் தெரியும்? வெட்கமும் பயமுமாகக் காற்றாடி வாசலுக்கு வந்தார். கதவருகே இருந்த ஒற்றை விளக்கு இவருடைய மூச்சுக்கு எரிந்துகொண்டிருந்தது. அதைத் தாண்டித் தாழ்வாரம் இருட்டு. அந்த இருட்டுக்குள் காலடிச் சத்தம் போய்க்கொண்டிருந்தது. ஒரே சீராக. விளக்குகளுக்கு அடியில், ஒன்று, இரண்டு, மூன்று என்று தாண்டி. ஒரு விளக்குகூட எரியவில்லை. அவனும் தடுமாறவில்லை. லிஃப்ட் திறக்கும் சத்தம். உள்ளேயும் இருட்டு. மூடிக்கொண்டது.

அவர் கதவோரத் திரையைத் திரும்பிப் பார்த்தார்.

இன்னும் ஒன்று.

அறையில் அவர் மட்டும் நிற்கிறார். பூஜ்யம் காட்ட வேண்டும். அந்தச் சின்னத் திரையிலேயே திருத்தத்தை அழித்தார். இனிக் கழிப்பதற்கு எதுவும் இல்லை. பொய் எதுவும் இல்லை.

இரண்டு.

அவர் வெளியே ஓடவில்லை. கண்ணாடிச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். சில்லிட்ட கண்ணாடியில், மேடைக்குப் பக்கத்தில், ஆள் உயரத்தில், ஓர் உள்ளங்கை அளவுக்கு, மூச்சு பட்டது போலப் பனி படிந்தது. சுருங்கி மறைந்தது. மறுபடி படிந்தது. அங்கே யாரும் இல்லை.

"மாப்பிள்ளை?" என்றார்.

பனி சட்டென்று பெரிதாகப் படிந்தது. மறைவதற்குள் இன்னொன்று. இன்னொன்று.

ஓடிப்போய்க் கண்ணாடியைத் தடவினார். வெறும் காற்று. கையை விரித்து அளைந்தார். பெயர் சொல்லிக் கூப்பிட்டார். மன்னிச்சுடுங்க என்றார். ஒவ்வொரு முறையும் பதிலுக்குப் பனி. வேறெதுவும் இல்லை. எவ்வளவு நேரம் அப்படி நின்றார் என்று அவருக்குத் தெரியாது. தங்கை வீட்டுக்கு இங்கிருந்து காரில் நாற்பது நிமிடம் என்று திடீரென்று நினைவு வந்தபோது மணி நாலாகியிருந்தது. தங்கைக்குப் போன் போட்டார்.

"அண்ணா, இப்பத்தான் கார் வந்து நிக்குது. ஹார்ன்கூட அடிக்கல."

"கதவைத் திறக்காதே."

"என்ன?"

"திறக்காதேம்மா. அது... அவர் இல்ல. நான் வந்துடறேன். நான் வர்ற வரைக்கும் திறக்காதே."

அவள் குரல் தாழ்ந்தது. ரொம்ப நாள் உள்ளே வைத்திருந்ததை எடுத்து வெளியே வைப்பது போல.

"சட்டம் மாட்டின அன்னிக்கே உன் முகத்தைப் பார்த்தேன் அண்ணா. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? இவ்வளவு பொறாமை ஆகாது. என் வீட்டு வாசல் வரைக்கும் வரணுமா அது?"

"அய்யோ, அது இல்லம்மா, கேளு..."

"வெச்சுடறேன்."

வைக்கவில்லை. போனைக் கையில் பிடித்தபடியே நடந்திருக்க வேண்டும். செருப்புச் சத்தம் கேட்டது. தாழ்ப்பாள் விலகும் சத்தம். கதவு. "வாங்க" என்று அவள் சொன்னாள், அன்பாக. "ஏன் இப்படிச் சில்லுனு இருக்கீங்க?"

பிறகு போன் அணைந்தது.

காற்றாடி கூட்ட அறைக் கண்ணாடியைப் பார்த்தார். பனி படிந்தது, மறைந்தது, படிந்தது. இப்போது நிற்கவே இல்லை. ஒன்றின் மேல் ஒன்றாக, பெரிதாக, இன்னும் பெரிதாக, வாயை முழுக்கத் திறந்து யாரோ கத்துவது போலக் கண்ணாடி முழுவதும் வெளுத்துக்கொண்டே வந்தது. அறையில் ஒரு சத்தமும் இல்லை.